தொரப்பாடி வாசலும் சத்துவாச்சாரி வரிசையும்

கேள்வி இதுதான். குடியாத்தம் பக்கம் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவி, மகளிர் தின விழாவில் 'அமைதிக்கும் நீதிக்கும் பெண்களின் குரல்' என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். தேடிப் பார்த்தால் மலாலாவும் மணிப்பூர் ஐரோம் சர்மிளாவும்தான் வருகிறார்கள், நம்ம வட ஆர்க்காட்டில் சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லையா என்று கேட்டிருக்கிறார்.

இருக்கிறார்கள். ஆனால் மேடையில் தேடினால் கிடைக்க மாட்டார்கள், வாசலில் தேட வேண்டும். ஜெயில் வாசல், கலெக்டர் ஆபீஸ் வாசல், தாலுகா ஆபீஸ் வாசல். வேலூர் நீதிமன்றத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வக்கீலாக இருப்பவள் என்பதால் இந்த வாசல்கள் எனக்குக் கொஞ்சம் பழக்கம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். பத்து நிமிடத்துக்கு இது அதிகம், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜோலார்பேட்டை அற்புதம்மாளிடமிருந்து தொடங்குங்கள். இன்றைக்கு அது திருப்பத்தூர் மாவட்டம். 2019 நவம்பரில் பிரிப்பதற்கு முன் வேலூர் மாவட்டம், அதற்கும் முன் வட ஆர்க்காடு. (எனக்கு இன்னும் எல்லாமே வட ஆர்க்காடுதான். வயசு அப்படி.) 1991 ஜூன் 11ஆம் தேதி அவருடைய மகன் பேரறிவாளனை ராஜீவ் காந்தி கொலை வழக்கு விசாரணைக்காக அழைத்துப் போனார்கள். பையனுக்கு அப்போது 19 வயது. விசாரித்துவிட்டு மறுநாள் அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள், நம்பித்தான் ஒப்படைத்தோம் என்று அந்த அம்மா எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். மகன் விடுதலையானது 2022 மே 18. இடையில் 31 வருடம், சில நாட்கள்தான் குறைவு.

அந்த வருடங்களில் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் உங்கள் பேச்சில் சொல்ல வேண்டும். சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதை எங்கள் பக்கம் 'மனு பார்க்கப் போறேன்' என்பார்கள். கைதி யார், நீ யார், என்ன உறவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். தொரப்பாடியில் வேலூர் மத்திய சிறை வாசலில் நீங்கள் எந்த நாள் போனாலும் கையில் துணிப்பையோடு சில அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். பையில் பிஸ்கட், பழம், சட்டை. பெரும்பாலானவர்களுக்கு அந்தக் காத்திருப்போடு அன்றைய தினம் முடிந்துவிடும். அற்புதம்மாள் அங்கிருந்து எழுந்து வக்கீல் வீட்டுக்குப் போனார், கட்சி அலுவலகங்களுக்குப் போனார், ஓய்வுபெற்ற நீதிபதிகளைப் பார்த்தார், டெல்லிக்குப் போனார். வி.ஆர். கிருஷ்ணய்யர் போன்ற ஒரு நீதிபதி இந்த வழக்கில் குரல் கொடுத்ததில் அவருடைய நடைக்குப் பெரிய பங்கு உண்டு.

சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேடையில் பலர் இதில்தான் சறுக்குவார்கள். 1998 ஜனவரி 28ஆம் தேதி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 26 பேருக்கு ஒரேயடியாகத் தூக்கு விதித்தது. 1999 மே 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதில் பேரறிவாளன் உட்பட நான்கு பேருடைய தூக்கை உறுதி செய்தது, மூவருக்கு ஆயுள், மற்ற 19 பேரும் வெளியே வந்தார்கள். இந்த வழக்குக்குத் தடா குற்றப்பிரிவுகள் பொருந்தாது என்றது அந்தத் தீர்ப்பு. ஆனால் தடா சட்டத்தின்படி போலீஸ் எஸ்.பி. பதிவு செய்த வாக்குமூலத்தை மட்டும் சாட்சியமாக வைத்துக்கொண்டது. சாதாரண வழக்கில் போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது சட்டக் கல்லூரி முதல் வருடப் பாடம். பேரறிவாளன் மீது இருந்தது, இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது. வாங்கும்போது அது எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜனே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். யோசித்துப் பாருங்கள். விடுபட்டது ஒரே ஒரு வாக்கியம், ஆனால் அதை வெளியே வந்து சொல்ல 22 வருடம் ஆகியிருக்கிறது.

2011 ஆகஸ்டில் கருணை மனு தள்ளுபடியானது. செப்டம்பர் 9ஆம் தேதி வேலூர் சிறையில் பேரறிவாளன் உட்பட மூன்று பேருக்குத் தூக்கு என்று நாள் குறித்தார்கள். அந்த நாட்களில் வேலூரில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஊரே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 30ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் இந்தத் தூக்கை எதிர்த்துத் தன் உயிரையே கொடுத்துவிட்டார். உங்களிடம் ஒரு வேண்டுகோள்: மேடையில் அதை வீரம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்காதீர்கள். அந்தப் பெண் உயிரோடு இருந்து இன்னும் முப்பது வருடம் சண்டை போட்டிருக்க வேண்டியவள். அற்புதம்மாள் காட்டிய வழியும் அதுதானே, உயிரோடு இருந்து திரும்பத் திரும்பப் போய் நிற்பது.

கருணை மனுவைப் பதினோரு வருடம் கிடப்பில் போட்டதைக் காரணம் காட்டி 2014 பிப்ரவரி 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2018 செப்டம்பரில் தமிழ்நாடு அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்து ஆளுநருக்கு அனுப்பியது, அது மறுபடியும் வருடக்கணக்கில் கிடந்தது. கடைசியில் உச்ச நீதிமன்றமே அரசியலமைப்பின் 142ஆவது பிரிவு தனக்குத் தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி விடுவித்தது. அதற்குள் அந்த அம்மாவின் பேச்சும் மாறியிருந்தது. என் மகன் குற்றமற்றவன் என்று தொடங்கியவர், யாருக்குமே தூக்கு வேண்டாம் என்று பேசுபவராக ஆகியிருந்தார். தாய்ப்பாசம் என்று சொல்லி இதை ஓரமாக வைத்துவிடுவார்கள் பாருங்கள், அது தவறு என்பேன். பாசம் இருந்தது, அதோடு சட்டப் பிரிவு எண்களைத் தப்பில்லாமல் சொல்லும் அளவுக்குப் படிப்பும் சேர்ந்துகொண்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் அன்றிரவு ராஜீவ் காந்தியோடு காவலர்களும் தொண்டர்களும் இறந்தார்கள். அந்தக் குண்டுவெடிப்பில் பலத்த காயமடைந்து பிழைத்த பெண் காவல் அதிகாரி ஒருவர், குற்றவாளிகளை விடக் கூடாது என்று கடைசிவரை பேசினார். அவர் கேட்டதும் நீதிதான். 'பெண்களின் குரல்' என்று ஒருமையில் தலைப்புக் கொடுத்துவிடுகிறார்கள், ஆனால் பெண்கள் ஒரே பக்கம் நிற்பவர்கள் இல்லை. இதைச் சொன்னால் சபையில் கொஞ்சம் சலசலப்பு வரும். வரட்டும்.

சரி, வேலூர் ஜெயிலுக்கு இன்னொரு கதை இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாணத்தில் கைதான பெண் அரசியல் கைதிகள் நிறையப் பேரை வேலூருக்குத்தான் அனுப்பினார்கள். 1930இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய ருக்மிணி லட்சுமிபதி, உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் என்று சொல்லப்படுகிறவர், வேலூரில்தான் இருந்தார். துர்காபாய் இங்கே இருந்திருக்கிறார். பின்னாளில் வக்கீலாகி, அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து, குடும்ப நீதிமன்றம் வேண்டும் என்று முதலில் வற்புறுத்தியவர்களில் ஒருவரானவர். இன்று ஜீவனாம்சம் கேட்டுக் குடும்ப நீதிமன்றப் படியேறும் பெண்களுக்கு அவர் பெயர் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மார்கரெட் கசின்ஸ் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. அயர்லாந்துக்காரர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு லண்டனில் பிரதமர் வீட்டு ஜன்னலில் கல்லெறிந்து 1910இல் ஜெயிலுக்குப் போனவர். இங்கே வந்து 1917இல் சென்னையில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். சித்தூர் தாண்டி மதனப்பள்ளியில் 'ஜன கண மன' மெட்டை ஸ்வரப்படுத்தி எழுதி வைத்ததும் இவர்தான். 1932 டிசம்பரில் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக ஓராண்டு தண்டனை கொடுத்து வேலூருக்கு அனுப்பினார்கள். லண்டனில் கல்லெறிந்தவர், இங்கே வந்து வெறும் பேச்சுக்காக உள்ளே போயிருக்கிறார்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் கடலூர் அஞ்சலையம்மாளைத்தான் சொல்வேன். 1927இல் சென்னையில் இருந்த நீல் என்ற வெள்ளைக்காரத் தளபதியின் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டத்தில் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு சிறைக்குப் போனவர். 1932இல் வேலூர் ஜெயிலுக்கு வரும்போது வயிற்றில் பிள்ளை. பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். குழந்தை பிறந்து இரண்டு வாரத்துக்குள் மறுபடி உள்ளே. படித்த, வசதியான குடும்பத்துப் பெண்கள் தன்வரலாறு எழுதிவிட்டுப் போனார்கள், அதனால் அவர்களைப் பற்றி நமக்கு நிறையத் தெரிகிறது. நெசவுக் குடும்பத்து அஞ்சலையம்மாள் எழுதியிருந்தால் பச்சைக் குழந்தையோடு அந்தக் கொட்டடி எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிந்திருக்கும்.

என் வேலையிலும் இதே தொந்தரவுதான். வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை, தாளில் ஏறியதற்குத்தான் மதிப்பு. யார் பெயர் தாளில் ஏறுகிறது என்பதுதான் கேள்வி.

பாலாற்றைப் பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளின் (தோல் பதனிடும் ஆலைகள்) கழிவு ஆற்றிலும் நிலத்தடி நீரிலும் இறங்கியதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு, 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி தீர்ப்பானது. மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. நாடெங்கும் சட்ட மாணவர்கள் வேலூர் பெயரைச் சொல்வது இதற்காகத்தான். அதன்படி அமைந்த ஆணையம் 29,000க்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு விதித்தது. அதிலும் நிலுவை இழுத்து, 2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. பெரிய வெற்றி, மறுக்கவில்லை. ஆனால் நிலம், கிணறு என்று கணக்குப் போனால் பட்டா யார் பெயரில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் போன பிறகு அடுத்த ஊருக்குக் குடத்தோடு நடந்த பெண்களின் நடைக்கு எந்தப் பட்டியலிலும் ஒரு கட்டம் கிடையாது. அந்தக் கிராமங்களில் தண்ணீர் கெட்டதை முதலில் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். பருப்பு வேகாது, அரிசி பழுப்பாகும், தலைமுடி சிக்குப் பிடிக்கும். ஆய்வுக்கூடத்துக்கு முன்னால் அடுப்படியில் தெரிந்துவிட்ட விஷயம் இது.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு பீடியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் போட்டு, சுற்றி, நூல் கட்டும் பெண்களைப் பார்த்துத்தானே வளர்ந்திருப்பீர்கள். வீட்டில் உட்கார்ந்து செய்வதால் அவர்களே அதை 'சும்மா வீட்ல பீடி சுத்துறேன்' என்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2025 நவம்பர்வரை நடைமுறையில் இருந்த 1966ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றே கணக்கில் சேர்த்தது. முதலாளிகள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள், 1974இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் பி.எஃப். கேட்டுப் போனால் தாள் வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு பாட்டி என்னிடம் வந்தார். நாற்பது வருடம் சுற்றியவர். அவர் பெயரில் ஒரு தாளும் இல்லை, பாஸ் புத்தகம் மருமகள் பெயரில் இருந்தது. எப்படி நிரூபிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்தார். கத்தரி பிடித்த விரலில் காய்ப்பு, நகத்தில் புகையிலைக் கறை. நம்பினேன். கோர்ட்டில் அதை ஆவணமாகக் குறியிட முடியாதே.

இதெல்லாம் நீதி, அமைதி எங்கே என்று கேட்பீர்கள். ஆம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். காணாமல் போன ஒரு பெண்ணைப் பற்றிய விசாரணைக்குப் போலீஸ் அழைத்துச் சென்ற இளைஞர் ஒருவர் பிறகு இறந்துபோக, 2015 ஜூன் 27ஆம் தேதி இரவு ஊர் கலவரமானது. வண்டிகள் எரிந்தன, காவலர்கள் பலர் காயப்பட்டார்கள். அந்தப் பெண்ணின் சொந்த வாழ்க்கையை ஊரே டீக்கடையில் அலசியது. பெண்ணைக் காரணமாக வைத்துச் சண்டை வரும், சமாதானம் பேச உட்காரும்போது மட்டும் பெண் இருக்க மாட்டாள். ஆம்பூரை மட்டும் சொல்லவில்லை. திருவிழாப் பாதை, சுடுகாட்டு வழி, ஊர்வலம் என்று நம் பக்கம் எத்தனையோ தடவை தாலுகா ஆபீசில் அமைதிக் குழுக் கூட்டம் போடுகிறார்கள். நான் போன நாலைந்து கூட்டங்களில் ஊர்ப் பெரியவர்கள், ஜமாத் முத்தவல்லி, கட்சிச் செயலாளர்கள், வியாபாரி சங்கத்தார் என்று அறை நிறைய ஆண்கள். பெண்கள் என்றால் நான், ஒரு பெண் வி.ஏ.ஓ., டீ கொண்டுவந்த அம்மா. அதில் ஒரு கூட்டத்தில் தெருவில் உண்மையில் என்ன நடந்தது என்று சரியாகச் சொன்னவர் அந்த டீ கொண்டுவந்த அம்மாதான், அதுவும் வெளியே வராண்டாவில் என்னிடம்.

ஐ.நா. பாதுகாப்புச் சபை 2000 அக்டோபர் 31ஆம் தேதி 1325 என்ற தீர்மானம் போட்டது. அமைதிப் பேச்சுவார்த்தை மேசையில் பெண்கள் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம்ம தாலுகா ஆபீஸ் வரை அது இன்னும் வந்து சேரவில்லை. உங்களுக்குக் கிடைத்த தேடலில் லைபீரியா வந்திருந்தால் அதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். 2003இல் கானா நாட்டில் நடந்த பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, லேமா போவீ என்பவரின் தலைமையில் லைபீரியப் பெண்கள் அந்த மண்டபத்தின் வாசலில் கைகோத்து உட்கார்ந்து, முடிவு வராமல் யாரும் வெளியே வரக் கூடாது என்று மறித்தார்கள். அங்கேயும் வாசல்தான், பாருங்கள். அந்த வருடம் ஆகஸ்டில் ஒப்பந்தம் வந்தது. 2011இல் அவருக்கு நோபல் பரிசு.

போரைப் பார்த்த பெண்கள் வேண்டுமென்றால் லைபீரியாவரை போக வேண்டியதில்லை. வேலூருக்குப் பக்கத்தில் மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள், அந்த நவம்பரில் புது வீடுகளுக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டியதும் அங்கேதான். அந்த முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, கல்யாணமும் ஆகிவிட்ட பெண்களுக்கு இன்னும் குடியுரிமை ஒரு கேள்விக்குறி. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. குண்டுச் சத்தம் நின்றுபோனதற்கும் அமைதிக்கும் என்ன வித்தியாசம் என்று உங்கள் பேச்சில் விளக்க வேண்டியிருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நான்கு அக்காமாரிடம் பேசிவிட்டு வாருங்கள். வெறும் கையோடு போகாதீர்கள். படம் எடுக்காதீர்கள்.

திருப்பத்தூர் வழக்கறிஞர் ம.ஆ. சிநேகாவை விட்டுவிடாதீர்கள். பல வருடம் விண்ணப்பித்து, 2019 பிப்ரவரி 5ஆம் தேதி 'சாதி மதம் அற்றவர்' என்று தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கியவர். அதனால் சாதி ஒழிந்துவிட்டதா என்று கேட்பார்கள். இல்லைதான். ஆனால் அரசாங்கத் தாளில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லி ஒரு பெண் விடாமல் கேட்டு வாங்கியதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. நான் மேலே புலம்பிய தாள் பிரச்சினையை அவர் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்.

அப்புறம், பேச்சுக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்குப் போய்ப் பாருங்கள், மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் போலீஸ் பையைச் சோதிப்பார்கள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்ப்பார்கள். 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீயில் இறந்த பிறகு எல்லா மாவட்டத்திலும் கெடுபிடி அதிகம். வரிசையில் பெண்கள் நிறையவே இருப்பார்கள். முதியோர் பென்ஷன், பட்டா, பாதைத் தகராறு, குடிகாரப் புருஷன். வெளியே மரத்தடியில் காசுக்கு மனு எழுதித் தருபவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்த அம்மாக்கள் பத்து நிமிடம் கொட்டித் தீர்ப்பதை அவர்கள் எட்டு வரியில் எழுதுவார்கள். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று, எது தாளில் ஏறுகிறது, எது விடுபடுகிறது என்று கவனியுங்கள்.

யாராவது உங்களிடம் வழி கேட்டால் ஒன்று சொல்லுங்கள்: 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு, அதற்கு வருமான வரம்பு கிடையாது. நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது, 15100க்குக் கூப்பிட்டாலும் போதும். மனுவுக்கு ரசீது எண் வாங்காமல் திரும்ப வேண்டாம் என்றும் சொல்லுங்கள். வரிசை ஒன்பது மணிக்கே நீளமாகிவிடும், சீக்கிரம் போங்கள்.